உப்பில்லா அமுது உகந்த மாப்பிள்ளை

குடந்தைக்கு அருகிலுள்ள திருவிண்ணகரில் ஒப்பிலியப்பனாக எழுந்தருளியுள்ள எம்பெருமான், மாமனார் மனமறிந்த மாப்பிள்ளையாவான். துளசியின் அடியில் கண்டெடுத்த பூமிதேவியை மார்க்கண்டேய மகரிஷி மகளாக வளர்த்து வந்தார். எம்பெருமான் முதியவர் வேடத்தில் வந்து அவளைப் பெண் கேட்டான். அவள் சிறுமி, உப்பிட்டுச் சமைக்கவும் அறியாள் என்றார் மகரிஷி. உப்பில்லாததையே உண்போம் என்றான் எம்பெருமான். இன்றளவும் அங்கு உப்பில்லாத திருவமுதே கண்டருளுகிறான்.

மகரிஷியின் சொல்லில் இருந்தது, புக்ககத்தில் மகள் ஏச்சுக்கு ஆளாவாளோ என்னும் தகப்பனின் கலக்கம். எம்பெருமான் அதனை உணர்ந்தான். அவளைச் சமையல் கற்று வரச் சொல்லாமல், தன் உணவையே மாற்றிக்கொண்டான். மகளைப் பிரியலாகாது என மாமனார் வேண்டியதற்கும் இசைந்தான். ஆகவே அங்கு உற்சவர் தாயாரைப் பிரிந்து தனியே புறப்பாடு கண்டருளுவதில்லை.

மணம் முடிந்தபின் மாமனாரை மறந்தானும் அல்லன். கருவறையில் ஒருபுறம் தாயாரும் மறுபுறம் மார்க்கண்டேயருமாகச் சேவை சாதிக்கின்றனர்.

சீரில் குறை, சோற்றில் குறை என்று மாமனாரைப் பலர்முன் தலைகுனியச் செய்யும் மாப்பிள்ளைமாரும் உலகில் உளர். அவர் தலை தாழும்போது, கைப்பிடித்தவளின் உள்ளமும் உடைகிறது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. சர்வலோகநாதனே உப்பை விட்டான். மானிடர் ஒரு கடுஞ்சொல்லை விடலாகாதா? பெருமானைச் சேவித்து இல்லம் திரும்பும் அடியார்கள், பிரசாதத்தோடு இந்நினைவையும் உடன்கொண்டு செல்வார்களாக!