கூடுவதும் பிரிவதும்

'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை' என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் எதற்காகக் கூடுகிறோம் என்று கேட்காமல் கூடுவதை மட்டும் புகழ்வது அறமாகுமா? பெர்லின் நகரத்துப் பல்கலைக் கழகங்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்குள் எழுகிறது.

1810-ல் வில்ஹெல்ம் வான் ஹம்போல்ட் என்ற அறிஞரின் முயற்சியால் அங்கே ஒரு பல்கலைக் கழகம் தோன்றியது. கற்பிப்பதும் ஆராய்வதும் பிரிக்க முடியாதவை என்பது அவர் கொள்கை. அந்தக் கல்விக் கோயிலின் எதிரே இருக்கும் சதுக்கத்தில்தான் 1933 மே 10-ஆம் தேதி இரவு சுமார் 20,000 புத்தகங்களைத் தீயிலிட்டார்கள். அந்தக் கொடுமையில் மாணவர்களே முன்னின்றார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. அன்று அவர்களிடையே ஒற்றுமைக்கு என்ன குறை? ஒரே குரல், ஒரே பாட்டு, ஒரே நெருப்பு!

போருக்குப் பின் நகரம் துண்டாயிற்று. பழைய பல்கலைக் கழகம் சோவியத் பகுதியில் அமைந்தது. அங்கே குறை சொன்ன மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சிலர் பிரிந்து சென்று, 1948-ல் மேற்குப் பகுதியில் 'சுதந்திரப் பல்கலைக் கழகம்' கண்டார்கள். அந்தப் பிரிவைக் குற்றம் என்று சொல்வேனா? மாட்டேன். பொய்யோடு கூடியிருப்பதைவிட மெய்யோடு தனித்திருப்பது மேல்.

1961-ல் எழுந்த சுவர் 1989-ல் திறந்தது. 2003-ல் இரு பல்கலைக் கழகங்களின் மருத்துவப் பிரிவுகளும் 'ஷாரிட்டே' என்ற பழைய மருத்துவமனையின் பெயரில் ஒன்றாயின. 2019-ல் ஹம்போல்ட், சுதந்திரப் பல்கலைக் கழகம், தொழில்நுட்பப் பல்கலைக் கழகம், ஷாரிட்டே ஆகிய நான்கும் ஓர் அணியாக நின்று அரசாங்கத்தின் சிறப்பு நிதியைப் பெற்றன. ஆயினும் எதுவும் தன் பெயரை இழக்கவில்லை.

"ஒரே ஊரில் இத்தனை எதற்கு? எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் பணமாவது மிச்சமாகுமே!" என்று கணக்குப் பார்ப்பவர் கேட்கலாம். மிச்சமாகலாம். ஆனால் ஓரிடத்தில் கதவடைக்கப்பட்டவனுக்கு இன்னோர் இடத்தில் கதவு திறந்திருக்க வேண்டாமா? 1948-ல் பிரிந்தவர்கள் கட்டிக்கொண்டது அந்த இன்னொரு கதவைத்தானே?

2001 முதல் அந்த நகரத்தில் 'அறிவியலின் நீண்ட இரவு' என்று ஒரு விழா நடந்து வருகிறது. கோடைகாலத்து இரவொன்றில் ஆய்வுக்கூடங்களும் விரிவுரை மண்டபங்களும் ஊராருக்குத் திறந்துவிடப்படுகின்றன. பட்டம் பெறாத எளிய மனிதனும் தன் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம். பேராசிரியரைக் கேள்வி கேட்கலாம். கதை எழுதுகிற எனக்கு இந்தச் செய்தியே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. ஊரார் உள்ளே வந்து கேட்க முடியாத அறிவு, எத்தனை கழகங்கள் கூடி வளர்த்தாலும் ஊருக்குச் சொந்தமாவதில்லை.

புத்தகங்கள் எரிந்த சதுக்கத்தில் 1995-ல் ஒரு நினைவுச் சின்னம் அமைத்தார்கள். தரையில் பதித்த கண்ணாடி வழியே குனிந்து பார்த்தால் கீழே ஒரு வெண்மையான அறை. 20,000 புத்தகங்கள் வைக்கக்கூடிய வெற்று அலமாரிகள். 'ஆம்' என்று எல்லோரும் ஒன்றுகூடிக் கூவிய இரவின் மிச்சம் அது. 'இல்லை' என்று ஒருவன் எழுந்து சொல்லவும், சொன்னபின் அவன் அங்கேயே உட்காரவும் இடமிருந்தால்தான் கற்றவர்கள் கூடுவதில் கோடி நன்மை உண்டு.