நங்கூரமும் பற்றும்

பற்று தாங்கி நிறுத்துவதா, கட்டிப்போடுவதா? மீன்பிடி கயாக்கின் நங்கூரத்தில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. குமரி மாவட்டத்துத் திற்பரப்பில் கோதையாற்றின் படுகை பாறை. அந்த நீர் கடல் சேரும் தேங்காய்ப்பட்டணத்தில் மணல். பாறைக்குக் கொக்கி நங்கூரம், மணலுக்கு அகன்ற தகடுள்ளது. கயிறு ஆழத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு வேண்டும். இழுவை சாய்ந்து வந்தால்தான் பிடி இறங்கும்.

பாறையிடுக்கில் சிக்கினால்? அதற்காகவே கயிற்றை நங்கூரத்தின் அடியில் முடிந்து, மேல் வளையத்தோடு மெல்லிய நூலால் மட்டும் பிணைப்பது வழக்கம். ஓங்கி இழுத்தால் நூல் அறும். நங்கூரம் தலைகீழாகக் கழன்று வரும்.

பைபிளின் எபிரேயர் நிருபம் நம்பிக்கையை நங்கூரத்துக்கு ஒப்பிடுகிறது. அங்கே அசையாமையே சிறப்பு. சிவன் கோயில்களை ஓடி ஓடி வணங்கும் சிவாலய ஓட்டத்தில் வேறு வகைப் பற்று. 12 கோயில்களில் மூன்றாவதான திற்பரப்பு மகாதேவரை வணங்கியவர்கள் அங்கேயே தங்கிவிடுவதில்லை, திருநந்திக்கரைக்கு ஓடுகிறார்கள்.