வெயிலைக் கழித்த வண்ணம்

தாம்பரம் நடைமேடையில் நின்று ஒரு மின்ரயில் பெட்டியைப் படம் எடுத்தால் பெட்டி மட்டுமா வருகிறது? வெயில் வருகிறது, கூரையின் நிழல் வருகிறது, எதிர்த்தடத்தில் நிற்கும் வண்டி ஜன்னல் கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிறது. கணினி ரயில் விளையாட்டுகளுக்கு ‘மாட்’ (ஆடுபவர்களே செய்து சேர்க்கும் கூடுதல் பாகம்) செய்பவர்கள் முதலில் இவற்றையெல்லாம் அழித்தாக வேண்டும். விளையாட்டுக்கென்று தனிச் சூரியன் உண்டு. தாம்பரத்து நிழல் படத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், வண்டி திசை திரும்பியதும் அது வெயிலை நோக்கியே விழும். எனவே ஒளியைக் கழித்து, வெறும் வண்ணத்தைப் பிரித்தெடுத்து, முப்பரிமாண உருவத்தின் மேல் போர்த்துகிறார்கள். இந்தப் போர்வைக்குத்தான் டெக்ஸ்ச்சர் என்று பெயர்.

அந்த வண்ணத்தை எவரும் கண்டதில்லை. ஒளி இல்லாமல் நிறம் ஏது? கண்டதைக் கண்டபடி தர வேண்டும் என்று பாடுபடுகிறவர், யாராலும் காண முடியாத ஒன்றைச் செய்து முடிக்கிறார்.

ஒலியிலும் இதே கதை. திரிசூலம் நிலையத்துக்கு எதிரிலேயே விமான நிலையம்; தடத்தை ஒட்டி ஜி.எஸ்.டி. சாலை. பதிவு செய்ததில் மோட்டாரோடு விமானமும் பேருந்து ஹாரனும் கலந்திருக்கும். சத்தம் கலக்காத சில நொடிகளை வெட்டி, முனையோடு முனை தெரியாமல் இணைத்துச் சுழல விடுகிறார்கள். வேகம் கூடக்கூட விளையாட்டு அதன் சுருதியை உயர்த்துகிறது. கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஓடினாலும் காதில் விழுவது அந்தச் சில நொடிகள்தான்.

கண்டது எது, ஊகித்தது எது என்ற இந்த வழக்கைத் தமிழ் முன்பே விசாரித்திருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரின் வாதங்களைக் கேட்கிறாள். பின்பு காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் பௌத்த அளவை இயலைக் கற்கிறாள். அறிவதற்கு வழிகள் இரண்டே என்கிறார் அடிகள்: காட்சி, கருத்து. பெயரும் இனமும் ஏற்றப்படுவதற்கு முன் புலனில் படுவது காட்சி. அதைக் கொண்டு ஊகித்து அறிவது கருத்து. வெயில் கழித்த வண்ணமும் ஊர் கழித்த ஓசையும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

மாட் கோப்புறையைத் திறந்தால் வடிவக் கோப்பு, டெக்ஸ்ச்சர் படங்கள், ஒலித்துண்டுகள், எடையும் வேகமும் குறித்த எண்கள் இருக்கும். இவற்றில் ரயில் எது? மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் இப்படித்தான் கேட்டார்: சக்கரம் தேரா, அச்சு தேரா? உறுப்புகள் கூடிய கூட்டுக்கு இட்ட பெயரே தேர் என்பது பௌத்தர் முடிவு. உறுப்புகளில் தங்கியிருந்தாலும் அவற்றின் வேறாக முழுப்பொருள் ஒன்று உண்டு என்பார் வைசேடிகத் தத்துவத்தைச் சேர்ந்த வைசேடிகர். கோப்புறையைப் பார்த்தால் நாகசேனர் பக்கமே நியாயம். ஆனால் வைசேடிகர் பொது என்றும் சிறப்பு என்றும் பிரித்ததை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஒரே டெக்ஸ்ச்சரைப் பன்னிரண்டு பெட்டிகளுக்கும் போர்த்தினால், பன்னிரண்டிலும் ஒரே ஜன்னலுக்குக் கீழே ஒரே துருக்கறை வழியும். பார்த்த கண் உடனே பொய் என்று சொல்லிவிடும். துருவும் கீறலும் ஒவ்வொரு பெட்டிக்கும் அதனதன் வாழ்க்கையால் வந்தவை. அவற்றைத் தனித்தனியாகத் தீட்டுகிறவர் வேலைக்கு உண்மையானவர்.

இப்போது ஓடாத வண்டி என்றால் சிக்கல் இன்னும் கடினம். கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் தடத்தில் 1931-ல் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1960-களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. 2004-ல் மீட்டர்கேஜ் மின்ரயிலே நின்றுபோனது. கைப்பேசியில் எல்லோரும் ஒலி பிடிக்கும் காலம் அப்போது வரவில்லை. 2025 ஏப்ரலில் வந்த ஏசி மின்ரயிலின் ஒலியைப் பிடிக்க நடைமேடைக்குப் போனால் போதும். பழைய வண்டிக்கோ, வேறொரு மோட்டாரின் ஒலியை எடுத்துச் சுருதி மாற்றித்தான் பெரும்பாலும் ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. இது புனைவுதான், ஆனால் குற்றம் என்று சொல்வதற்கில்லை. அந்த வண்டியில் கல்லூரிக்குப் போனவர் அதைக் கேட்டு ஒரு கணம் அடையாளம் கண்டுகொண்டால், அந்த அறிதலுக்கு மதிப்பு உண்டு.

குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. தண்டவாள இணைப்புகளில் சக்கரம் தட்டும் ‘தடக் தடக்’ ஓசையை எடுத்துக்கொள்ளலாம். நீளமாகப் பற்றவைத்த இன்றைய தண்டவாளங்களில் அது பெரும்பாலும் கேட்பதில்லை. தடம் பிரியும் இடங்களில் மிஞ்சியிருக்கிறது. ஆனாலும் ரயில் என்றால் அந்த ஓசை வேண்டும் என்று ஆடுபவர்கள் எதிர்பார்ப்பதால், இன்றைய தடத்துக்கும் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். நினைவில் இருப்பது காட்சியின் வேடம் போட்டு வருவது இங்கேதான்.

மாட்களோடு ‘ரீட்மீ’ என்றொரு சிறு குறிப்புக் கோப்பு வருவது வழக்கம். பலர் திறப்பதே இல்லை. மோட்டார் ஒலி எந்த வண்டியுடையது, எந்தப் பெட்டியின் துரு படத்தைப் பார்த்துத் தீட்டியது, எது ஊகம் என்று அதில் வரிவரியாக எழுதி வைக்கும் ஆக்குநர், அறவண அடிகள் சொன்ன பிரிவினையைத்தான் செய்கிறார்.