திரும்புதல் யாருடைய கேள்வி?

சித்திரகூடத்திற்குப் பரதன் சென்றது அண்ணனை அழைத்து வருவதற்காக. இராமன் மறுத்தான். அம்மறுப்பை ஏற்ற பரதன், பாதுகைகளைப் பெற்று நந்திக்கிராமம் மீண்டு, பதினான்கு ஆண்டுகள் அண்ணனுக்குரிய இடத்தைக் காத்தான். போரினால் ஊரிழந்தோரைப் பற்றிச் சிந்திக்கையில் இச்செயலின் அருமை மேலும் விளங்குகிறது.

1983 முதல் இலங்கையினின்று ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அகதிகளாகத் தமிழகம் வந்தனர். 2009 மே மாதம் போர் முடிந்தது. பலர் முன்னும் பின்னுமாகத் திரும்பிவிட்டனர். ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் இன்னும் முகாம்களில் வாழ்கின்றனர். “போர்தான் ஓய்ந்துவிட்டதே, ஏன் திரும்பவில்லை?” என்று வெளியிலிருப்போர் வினவுவதுண்டு. நல்லெண்ணத்தோடு கேட்கப்படினும், திரும்புவதே இயல்பு, தங்குவது குறை என்னும் தீர்ப்பு அவ்வினாவினுள் முன்னரே அமர்ந்திருக்கிறது.

முகாமின் ஒரே குடிலில் மூன்று ஊர்கள் இருக்கக்கூடும். பாட்டிக்கு ஊர் என்பது கிணற்றடியும் பனைவேலியும் கோயில் மணியோசையும். மகனுக்கோ அது காணி உறுதி. அது கையில் உண்டா, காணியில் இன்று யார் இருக்கிறார் என்னும் கவலை. முகாமில் பிறந்து இங்கேயே படித்த பேத்திக்கு அது பாட்டி சொல்லும் கதை. இம்மூவருக்கும் சேர்த்து ஒரே விடையை வேறொருவர் எழுதுவது எங்ஙனம் தகும்?

விட்டுவந்த இடமும் அப்படியே இருப்பதில்லை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990-இல் மக்கள் வெளியேறினர். அவர்களது நிலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துள் சென்றது. மயிலிட்டித் துறைப் பகுதி 2017-இல்தான் விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகள்! அதே 1990-இன் அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். புத்தளத்தில் அவர்களுடைய ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. தம் இழப்பை எண்ணுவோர் இவ்விழப்பையும் எண்ணுதல் வேண்டும். இது பலருக்குக் கசப்பானதே.

‘திரும்புதல்’ என்னும் சொல்லே சில வேளைகளில் பொய்த்துவிடுகிறது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் ‘தாயகம் திரும்பியோர்’ எனப்பட்டனர். அவர்களுள் பலர் இலங்கையிலேயே பிறந்தவர், இந்தியாவைக் கண்டறியாதவர். தேயிலைத் தோட்டத்தினின்று புறப்பட்டு, நீலகிரியில் மற்றொரு தேயிலைத் தோட்டத்தை அடைந்தோரும் உண்டு. இலங்கையிலேயே தங்கிய மலையக மக்களுள் சிலர் கலவரங்களால் வன்னிக்குப் பெயர்ந்து, அங்கிருந்தும் போரால் விரட்டப்பட்டு, இங்குள்ள முகாம்களை அடைந்தனர். அவர்கள் திரும்ப வேண்டிய திசை எது?

ஆகவே எதிர்காலத்தை அவர்களுக்காகக் கற்பனை செய்வதினும் அவர்களோடு கற்பனை செய்வதே அறம். கற்பனைக்கும் காகிதம் வேண்டும். 1984-இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் பிள்ளைகளின் கல்வியோடு பிறப்புப் பதிவிலும் கருத்தூன்றியது. அங்கே செல்ல விழையும் பேத்திக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவு வேண்டும். இங்கே தங்க விழைந்தாலோ, 1987 ஜூலை 1-க்குப் பின் இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பால் மட்டும் குடியுரிமை கிடைப்பதில்லை. ஒருமுறை சென்று ஊரைக் கண்டு, வாழ இயலாதெனின் மீள்வோம் என்று பாட்டி எண்ணினால், முகாமுக்கு உரிமையோடு மீள வழியில்லை. கண்டு வந்து முடிவு செய்ய முடியாத நிலையில், பாட்டி புறப்படுவதைத் தள்ளிப்போட்டுக் கொண்டிருக்கிறாள். பேத்தி படித்துக் கொண்டிருக்கிறாள்.