அலையும் அறமும்

கணக்கைத் தவறாகப் போட்ட மாணவன், “என் மூளை அப்படி அமைந்துவிட்டது, ஐயா, நான் என்ன செய்வேன்?” என்று கேட்பானாயின், ஆசிரியர் என்ன விடை பகர்வார்? விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்வி அறத்தின் அடித்தளத்தையே அசைக்க வல்லது. எண்ணம் என்பது மூளையின் இரசாயனமே என்றால், பிழைக்குப் பொறுப்பாளி யார்?

முதற்கண் அறிவியல் கூறுவதைக் கேட்போம். 1921இல் ஓட்டோ லோவி, தவளையின் இதயத் துடிப்பைத் தளர்த்தும் நரம்பைத் தூண்டினார். அவ்விதயத்தை நனைத்திருந்த நீர்மத்தை மற்றோர் இதயத்தில் செலுத்தினார். அதுவும் தளர்ந்தது. நரம்பு இரசாயனத்தால் பேசுகிறது என்பது புலனாயிற்று. 1924இல் செருமானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். கண்மூடி அமைதியாக இருப்பவரிடம் வினாடிக்கு ஏறத்தாழ 10 முறை எழுந்து விழும் அலை தோன்றுகிறது. கண்ணைத் திறந்தாலோ, கணக்கொன்றில் மனத்தைச் செலுத்தினாலோ அவ்வலை தாழ்கிறது.

இவ்விரண்டும் தொடர்பற்றவை அல்ல. ஒரு நரம்பணு சிந்தும் இரசாயனம் அடுத்த அணுவின் நுண்வாயில்களைத் திறக்கிறது. அவ்வழியே மின்னேற்றமுடைய அயனிகள் பாய்கின்றன. குளுட்டமேட் தூண்டுகிறது, காபா அடக்குகிறது. எண்ணற்ற அணுக்கள் ஒருமித்து இயங்கும்போது, அச்சிறு மின்னோட்டங்களின் கூட்டே அலையாக வெளிப்படுகிறது. இரசாயனம் தனிக்குரல், அலையோ கூட்டத்தின் ஆரவாரம்.

அங்ஙனமாயின் எண்ணுபவன் யார்? மிருதங்கத்தின் தோலையும் அதிர்வையும் அளந்தவர் தாளத்தை அறிந்தவராகார் என்று சிலர் வாதிடுவர். உவமை அழகியதே, ஆயினும் முழுமையானதன்று. மிருதங்கத்திற்கு வாசிப்பவர் வேறாக இருக்கிறார். மூளைக்குள் அமர்ந்து அதனை வாசிக்கும் மற்றொருவரை எந்தக் கருவியும் காட்டவில்லை. இங்கே கருவியும் கலைஞனும் ஒன்றே போலும்!

இதனால் பொறுப்பு அழிந்துவிடுமா? இல்லை. எரிக் கேண்டல் கடல் நத்தைகளை ஆராய்ந்து, கற்றல் நரம்பணுக்களின் இணைப்புகளையே மாற்றுகிறது என்று காட்டினார். 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இரசாயனம் எண்ணத்தை ஆக்குவது போலவே, பயின்ற எண்ணம் நாளைய இரசாயனத்தை ஆக்குகிறது. நாம் மூளையின் கைதிகள் மட்டுமல்லர்; அதன் உழவருமாவோம்.

ஆதலின் ஆசிரியரின் விடை இரு பகுதிகளை உடையது. பசியோடும் உறக்கமின்றியும் வந்த பிள்ளையைச் சோம்பேறி என்று பழித்தல் அறமன்று. உடலின் நிலை எண்ணத்தின் நிலையைத் தாக்குகிறது. எனினும், “உன்னால் இயலாது” என்று கைவிடுதல் அதனினும் பெருங்கொடுமை. “தம்பி, உன் மூளை இன்று இப்படி இருக்கிறது, நாளை எப்படி இருக்கும் என்பதில் உனக்கும் பங்குண்டு, எனக்கும் பங்குண்டு. வா, மீண்டும் போடுவோம்” என்று அவர் சொல்லட்டும். அறம் பிறக்குமிடம் அதுவே.