வலியை நம்புவது

மனிதன் தன் கையைப் பார்க்கலாம், காலைப் பார்க்கலாம். கண்ணாடி இருந்தால் முகத்தையும் பார்த்துக்கொள்ளலாம். முதுகை மட்டும் பிறர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு வலி வந்துவிட்டாலோ, பிறராலும் அதைப் பார்க்க முடிவதில்லை. காய்ச்சலுக்கு வெப்பமானி சாட்சி. காயத்துக்கு ரத்தம் சாட்சி. முதுகுவலிக்கு வலிக்கிறவனின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே பிறருடைய முதுகுவலியை நம்புவதா, வேண்டாமா என்பது மருத்துவக் கேள்வி மட்டும் அல்ல. அறத்தைச் சேர்ந்த கேள்வியும்கூட.

ஒரு நாவலின் கடைசி அத்தியாயங்களை எழுதிக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்தது. கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. இடுப்பில் யாரோ ஆப்பு அடித்தாற்போல் இருந்தது. வீடே அமர்க்களப்பட்டது. மெத்தையை எடுத்துவிட்டுக் கட்டிலில் பலகை போட்டார்கள். தவிட்டு ஒத்தடம் நடந்தது. குழந்தைகளின் விளையாட்டு தெருவுக்கு மாற்றப்பட்டது. நண்பர்கள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, "வாயுப் பிடிப்பு" என்றும் "உட்கார்ந்தே எழுதினால் இப்படித்தான்" என்றும் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கினார்கள். வலி மெய்தானா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பத்து நாள் படுத்துக் கிடந்தேன். அந்தப் பத்து நாளும் எனக்கு முழுக்க வேதனையாகவே இருந்தன என்று சொன்னால் அது பொய். வலி ஒரு சிறிய அதிகாரமும் ஆகும். அதை நான் அனுபவிக்கத்தான் செய்தேன்.

பதினோராம் நாள் டாக்டர் வந்தார். காலைத் தூக்கச் சொன்னார். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். காய்ச்சல் உண்டா, சிறுநீர் தடையின்றிப் போகிறதா என்று விசாரித்தார். கால் பலம் இழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றும், எனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். பிறகு, "படம் எடுக்க வேண்டியதில்லை. எழுந்து நடங்கள், முடிந்த அளவு உங்கள் வேலையைப் பாருங்கள்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவர் என் வலியை நம்பவில்லை என்றே நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ என்னவோ, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். "வலி இல்லை என்று நான் சொல்லவில்லை. வலி இருக்கும்போதே நடந்தாலும் முதுகு கெட்டுப்போகாது என்கிறேன்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1934-இல் பாஸ்டன் நகரத்தில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், முதுகெலும்புகளுக்கு நடுவேயுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் வலி உண்டாகலாம் என்று எடுத்துக்காட்டினார்கள். அதன் பிறகு எல்லா முதுகுவலிக்கும் படத்தில் ஒரு குற்றவாளியைத் தேடும் வழக்கம் வலுத்தது. ஆனால் 1994-இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தபோது, எல்லா வட்டுகளும் பழுதின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான்! படத்தில் குறை இருந்தும் வலி இல்லாதவர்கள் இருக்கிறார்கள். வலி இருந்தும் படத்தில் காரணம் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்தது ஹெல்சிங்கி ஆராய்ச்சி. அந்நகரசபை ஊழியர்களில் திடீர் முதுகுவலி கண்ட 186 பேரில், சிலரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள். சிலருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களை இயன்ற அளவு வழக்கமான வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். வழக்கம்போல் இருந்தவர்களே நன்றாகத் தேறினார்கள், படுத்தவர்கள்தாம் பின்தங்கினார்கள். அசைந்தால் ஆபத்து என்ற பயத்தில் தசைகள் இறுகுகின்றன, இறுகினால் வலிக்கிறது, வலித்தால் பயம் வளர்கிறது. தீ அணைந்த பிறகும் மணி அடித்துக்கொண்டே இருப்பதுபோல், புண் ஆறிய பின்னும் நரம்புகள் வலியை அறிவித்துக்கொண்டிருப்பதும் உண்டு.

டாக்டர் போன பிறகு என் மனைவி உள்ளே வந்தாள். "நடந்தால் சரியாகிவிடுமாமே! அதனால்தான் எனக்குத் தானாகவே சரியாயிற்றுபோல் இருக்கிறது" என்று சிரித்தாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. இளையவன் பிறந்த ஆண்டு. "என்னங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரவே முடியவில்லை" என்று அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "தைலம் தடவிக்கொள்ளேன்" என்று நான் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு யார் பலகை போட்டார்கள்? யார் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார்கள்? லாரித் தண்ணீர்க் குடத்தை அந்த இடுப்பிலேயேதான் தூக்கி வந்தாள்.

இங்கே என் மனம் ஒரு தந்திரம் செய்தது. படுக்காமல் நடமாடுவதே நல்லது என்று விஞ்ஞானமே சொல்கிறதே. அப்படியானால் என் அலட்சியமே அவளுக்கு மருந்தாகிவிடவில்லையா? வாதம் கேட்க அழகாகத்தான் இருந்தது. நம்முடைய குற்றங்களுக்கு நாம் தேடிக்கொள்ளும் வாதங்கள் பெரும்பாலும் அழகாகவே இருக்கின்றன.

ஆனால் அது தவறு. இயன்ற அளவு நட என்பதில் உயிரான சொல் "இயன்ற அளவு" என்பதுதான். அளவைத் தீர்மானிக்கும் உரிமை வலிக்கிறவருக்கு வேண்டும். டாக்டர் என்னிடம் நடக்கச் சொன்னபோது, முடியாவிட்டால் உட்காரும் சுதந்திரம் எனக்கு இருந்தது. என் மனைவிக்கு அது இல்லை. செங்கல் சுமக்கும் சித்தாளுக்கும் அது இல்லை. இடுப்பு வலிக்கிறது என்றால் அவளுக்கு அன்றைய கூலி போய்விடும். "எழுந்து வேலையைப் பார்" என்று மேஸ்திரியும் சொல்கிறார், டாக்டரும் சொல்கிறார். வார்த்தை ஒன்றுதான். நம்பிச் சொன்னவருடைய வார்த்தை மருந்தாகிறது; நம்பாமல் சொன்னவருடையது கொடுமையாகிறது.

வலியைப் பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம் 1979-இல் வலிக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. 2020-இல் அதைத் திருத்தியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்ற கருத்தையும் குறிப்பாகச் சேர்த்தது. 2020 கணக்குப்படி உலகில் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி. அத்தனை பேரிலும் ஏமாற்றுக்காரர் ஒருவர்கூட இருக்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஒரு சோம்பேறியை நம்பி ஏமாந்தால் நமக்கு நஷ்டம் ஒரு நாள் வேலை. மெய்யான வலியைப் பொய் என்று தள்ளினால், அந்த மனிதர் தம் வலியோடு தனித்து விடப்படுகிறார். இந்த இரண்டு தவறுகளில் எதைச் செய்யத் துணியலாம் என்று கேட்டால், ஏமாறுவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நான் இப்போது நடக்கிறேன். வலி எப்போதாவது வருகிறது. நானும் நடந்துகொண்டே இருக்கிறேன். தண்ணீர் லாரி வரும் நாட்களில் குடத்தில் பாதி அளவு பிடித்து நானும் தூக்குகிறேன். முன்பெல்லாம் கேட்காத ஒன்றை என் மனைவியிடம் கேட்கவும் பழகிக்கொண்டிருக்கிறேன்: "இன்றைக்கு இடுப்பு எப்படி இருக்கிறது?"

முதல் நாள் அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். அந்தச் சந்தேகம் எனக்குத் தகும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.