சான்றிதழும் சம்பளச் சீட்டும்

தமிழக அரசு சுதந்திர தினத்தன்று சிறந்த சமூக சேவகருக்கு 10 கிராம் தங்கப் பதக்கமும் சான்றிதழும் தருகிறது. தகுதியானவரைத் தேடி யாரும் வர மாட்டார்கள். அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். செய்த சேவையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கருத்துருவாகத் தட்டச்சு செய்து, புகைப்படங்களும் பத்திரிகைச் செய்திகளும் இணைத்து, கையேடாகக் கட்டி மாவட்ட சமூகநல அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். குறை சொல்வதற்கில்லை. பொதுப் பணத்தில் தங்கம் கொடுப்பவர்கள் ஆதாரம் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாமல் செய்தவர் இந்த வரிசையில் நிற்கவே முடியாது. சேவை நடக்கும்போதே பக்கத்தில் ஒருவர் படமெடுத்துக்கொண்டிருந்தால்தான் உண்டு.

படப்பையில் இருந்துகொண்டு இதை யோசித்தால் வேறொரு கணக்கு குறுக்கே வருகிறது. விடிவதற்கு முன்பே வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்கள் ஒரகடம் தொழிற்சாலைகள் பக்கம் ஓடத் தொடங்கிவிடும். உள்ளே தூங்கி வழிந்தபடி போகிறவர்களில் காண்ட்ராக்ட் ஆட்கள் நிறைய. அவர்களுக்குக் குறைகளும் நிறைய. ஆனாலும் அவர்கள் தொழிலாளர்கள் என்பதில் சட்டத்துக்குச் சந்தேகமில்லை. கழுத்தில் அடையாள அட்டை, பெயரில் ஒரு பி.எஃப். எண். சம்பளம் தராவிட்டால் போய்க் கேட்க ஓர் அலுவலகமாவது இருக்கிறது.

பஸ் போன பிறகு அதே தெருவிலிருந்து ஒரு பெண் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். பையில் பி.பி. பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரை அட்டைகள், ஒரு பட்டியல். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கால்கள் இவர்கள்தான். தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதியில் இந்த வேலைக்குத் தனிச் சங்கடங்கள் உண்டு. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவரை எழுப்பினால் திட்டு விழும்; எழுப்பாவிட்டால் பட்டியலில் ஒரு கட்டம் காலியாக நிற்கும். போன மாதம் மாத்திரை வாங்கியவர் இந்த மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு சுங்குவார்சத்திரம் பக்கம் போயிருப்பார். லைன் வீட்டில் இருக்கும் ஒடியாக்காரருக்கு, வலியே இல்லாத உடம்புக்குத் தினமும் எதற்கு மாத்திரை என்பதைக் கையாலும் கண்ணாலும்தான் விளக்க வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவரிடம் அப்படியில்லை என்று பகைக்காமல் சொல்வதுதான் இதில் கடினமான பகுதி. அதைப் புகைப்படம் எடுக்க முடியாது.

இந்தத் திட்டத்துக்கு 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. மகிழ்ச்சிதான். அதற்கு முன், 2022 மே 22 அன்று, இந்தியாவின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஷா என்ற சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் விருது அறிவித்தது. விருதுக்கு முன்பும் பின்பும் பல மாநிலங்களில் அவர்கள் ஊதியம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். ஜெனீவாவில் இருக்கும் அந்த நிறுவனத்துக்குத் தெரிந்த அவர்களுடைய உழைப்பு, சொந்த மாநிலக் கருவூலங்களுக்கு மட்டும் இன்னும் தொண்டாகவே தெரிகிறது. அரசின் ஏடுகளில் அவர்களும், பையோடு கிளம்பும் இந்தப் பெண்ணும் தன்னார்வலர்கள்தாம்.

ஆஷா, அங்கன்வாடி, சத்துணவுப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று 2013-ல் கூடிய 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்காரும் சபை அது. பரிந்துரை பத்திரமாக இருக்கிறது. அங்கன்வாடிப் பெண்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதை 2022 ஏப்ரல் 25-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. குஜராத்திலிருந்து போன வழக்கு. அவர்கள் பெறுவது மதிப்பூதியம்தான், சம்பளம் அல்ல என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975-ல். ஆக, ஏறத்தாழ 47 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் எத்தனையோ பேர் மேடையேறிச் சிறந்த அங்கன்வாடிப் பணியாளர் என்று சான்றிதழ் வாங்கியிருப்பார்கள். சான்றிதழ் கொடுத்த அதே அரசுத் தரப்புதான் ஓய்வுபெறும் நாளில் பணிக்கொடைக்குத் தகுதியில்லை என்று வாதாடியது.

தொழிற்சாலைகளும் தம் பங்குக்குக் கௌரவிக்கின்றன. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் அங்கன்வாடிச் சுவருக்கு யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வருகின்றன, கீழே கம்பெனி பெயரோடு. உள்ளே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவரின் மாத வரும்படி யாருடைய 2 சதவீதத்திலும் வராது. மகளிர் தினத்தன்று அவருக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கிடைக்கலாம்.

எந்தப் பட்டியலிலும் சேராதவர்களும் இருக்கிறார்கள். 2015 டிசம்பர் முதல் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரித் தண்ணீரெல்லாம் அடையாற்றில் சேர்ந்து முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. கயிறு கட்டி ஆட்களை இழுத்தவர்களும், அண்டா வைத்துச் சோறு வடித்தவர்களும் கருத்துரு எழுதவில்லை. அவர்களுக்கு விருது தராதது பெரிய தவறென்று எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் வடிந்ததும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். திரும்பிப் போக அவர்களுக்கு ஒரு வேலை இருந்தது. பையோடு வீடு வீடாகப் போகும் பெண்ணுக்கு இதுதான் வேலை. இரண்டு பேரையும் ஒரே சொல்லால் தன்னார்வலர் என்று அழைத்து ஒரே பொன்னாடையைப் போர்த்துவதில்தான் சிக்கல்.

நவம்பர் முதல் தேதி உள்ளாட்சி தினக் கிராம சபைகளில் சிறப்பாகப் பணிபுரிந்தவர்களைக் கௌரவிக்கும் வழக்கம் வந்திருக்கிறது. சுற்றுவட்டார ஊராட்சிகளில் பொன்னாடை போர்த்தட்டும், கைதட்டட்டும். கிராம சபைக்கு வரவு செலவு கேட்கும் உரிமையும் உண்டல்லவா? ஊரைச் சுத்தம் செய்யும் தூய்மைக் காவலர்களுக்கு எந்த மாதம் வரை பணம் பட்டுவாடா ஆகியிருக்கிறது, எத்தனை மாதம் பாக்கி, அவர்கள் பெயரில் பி.எஃப். கட்டப்படுகிறதா என்று ஊராட்சிச் செயலர் அதே மைக்கில் வாசிக்கலாம். பொன்னாடைக்கு ஆன செலவையும் சேர்த்தே.